புறநகரில் பழைய வீடு வாங்கும்முன்: தண்ணீர், தாள், சுவர்

தாம்பரம், குரோம்பேட்டை, மடிப்பாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று சென்னையைச் சுற்றிய ஊர்களில் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீடுகள் அடிக்கடி விலைக்கு வருகின்றன. ரயில்வேயிலோ தொலைபேசித் துறையிலோ வங்கியிலோ வேலை பார்த்த ஒருவர், கடன் வாங்கி ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் கட்டிய வீடாக இருக்கும். அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். வாசலில் வேப்பமரம், கொல்லையில் கிணறு, கூடத்தில் வழுவழுவென்று ரெட் ஆக்சைடு தரை. பார்த்ததும் மனம் சாய்ந்துவிடும்.

சாய்வதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். மனை 2,400 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிலத்துக்கு மட்டும் 1 கோடியே 44 லட்சம். அதன்மேல் நிற்கும் 1,000 சதுர அடி வீட்டை இன்று புதிதாகக் கட்ட 25 லட்சம் ஆகுமென்றால், 60 ஆண்டு ஆயுளில் 35 ஆண்டு கழிந்துவிட்ட அந்த வீட்டுக்கு மிஞ்சும் மதிப்பு பத்து லட்சத்துச் சொச்சம்தான். வீடு பார்க்கப் போகிறவர்களோ அந்தப் பத்து லட்சத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறார்கள்: சமையலறை மேடை, அலமாரி, குளியலறை டைல்ஸ். தரகரும் அவற்றைத்தான் காட்டுவார். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் தண்ணீர், அடுத்துத் தாள்கள், கடைசியில் சுவர். முதல் இரண்டில் தேறாத வீட்டின் சுவரைப் பார்க்கவே வேண்டாம்.

குடியிருக்கவா, இடிக்கவா?

இதை வீட்டுக்குள் கால் வைக்கும்முன் முடிவு செய்துகொள்ளுங்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதென்றால் விரிசலையும் ஒழுகலையும் ஆராய்ந்து பயனில்லை. கட்டடத்துக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அப்போது முக்கியமானவை தெருவின் அகலம், மனையின் முகப்பு, மண், பத்திரம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்கு எல்லாத் தளங்களும் சேர்த்து மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்பது உண்மை. ஆனால் குறுகிய தெருவும் நான்கு பக்கமும் விடவேண்டிய காலியிடமும் அதில் கொஞ்சம் கடித்துக்கொள்ளும். விமான நிலையத்துக்கும் தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கும் அருகில் உயரக் கட்டுப்பாடும் உண்டு. ‘மூன்று மாடி எழுப்பலாம்’ என்ற தரகர் வாக்கை வரைபடம் போடும் பொறியாளரிடம் காட்டிவிட்டு நம்புங்கள்.

பலர் நடுவழியில் நிற்கிறார்கள். இப்போது குடியிருப்போம், பத்து ஆண்டு கழித்து இடிப்போம் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அப்படியானால் மேல்தள ஒழுகல், வயரிங், குழாய் ஆகிய மூன்றுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. இடிக்கப்போகும் வீட்டுக்கு இத்தாலிய மார்பிள் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் எங்கே நிற்கும்?

வீட்டை முதன்முறை பார்க்க நல்ல காலம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதுவும் இரவெல்லாம் மழை கொட்டிய மறுநாள் காலை. கோடையில் பார்த்துப் பிடித்திருந்தால்கூட, முடிந்தால் ஒரு மழைக்குக் காத்திருங்கள்.

தெருவில் நின்று வாசற்படியைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் புறநகர்த் தெருக்கள் பல உயர்ந்துவிட்டன. மூன்று படி ஏறிப் போகும்படி கட்டிய வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கவேண்டியிருக்கிறது. இரும்புக் கேட்டின் அடிப்பகுதி வெட்டப்பட்டிருக்கிறதா, கீல் மேலே மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாலை எவ்வளவு உயர்ந்தது என்பதை அது சொல்லிவிடும். ‘ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிடலாம்’ என்பார்கள். சென்னையில் அந்த வேலை தாராளமாக நடக்கிறது. ஆனால் தூக்குவதற்குச் சொல்லும் தொகை தூக்குவதற்கு மட்டும்தான். அதற்குப் பிறகு உள்ளே மண் நிரப்பி, தரை போட்டு, குழாய், கழிவுநீர் இணைப்பு, படிக்கட்டு எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டும். முழுக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

தெரு உயரத்தை விடப் பெரிய கேள்வி, அந்த மண் முன்பு என்னவாக இருந்தது என்பது. சென்னைப் புறநகர் ஏரிகளாலும் தாங்கல்களாலும் அவற்றை இணைக்கும் கால்வாய்களாலும் ஆனது. வேளச்சேரி, நாராயணபுரம், கீழ்க்கட்டளை, சிட்லபாக்கம், செம்பாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏரி உண்டு. ஏரி நிரம்பினால் நீர் போக ஒரு வழியும் உண்டு. அந்த வழியில்தான் சில மனைப்பிரிவுகள் போடப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொல்வார்கள். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கு முன்பே, ஆறு வரும் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே புகுந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் நீர். ஆகவே ‘செம்பரம்பாக்கம் இங்கிருந்து ரொம்ப தூரம்’ என்ற ஆறுதலுக்குப் பொருளில்லை.

கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் நீர் தெரிகிறதா, வயல் தெரிகிறதா, வெறும் மேடா என்பது அரை மணி நேர வேலை. கிராம வரைபடத்திலும் ஓடை, வாய்க்கால் குறிக்கப்பட்டிருக்கும். பிறகு தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் டீக்கடையிலும் விசாரியுங்கள். ‘வெள்ளம் வருமா?’ என்று கேட்டால் ஊர்ப்பாசத்தில் இல்லை என்பார்கள். ‘2015-இல் இங்கே எவ்வளவு நின்றது? 2023 மிக்ஜாம் புயலுக்கு மின்சாரம் எத்தனை நாள் இல்லை?’ என்று கேளுங்கள். பக்கத்து வீடுகளில் மின்சார மீட்டர் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் மார்பளவு உயரத்தில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தால் பதில் கிடைத்துவிட்டது.

தாள்கள்

தண்ணீரில் தேறிய வீட்டுக்கு மட்டும் பத்திர நகல்களைக் கேளுங்கள். சொத்து ஆவணங்களில் பழகிய வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் வேண்டும். வங்கிக் கடனுக்கு வங்கியே பார்த்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணம் திரும்புமா என்பதைத்தான். ஆனாலும் வழக்கறிஞரிடம் போகும்முன் நீங்களே சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கிடைக்கின்றன. அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். குறைந்தது 30 ஆண்டுக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம்; பழைய வீட்டுக்கு மனைப்பிரிவு போட்ட காலம்வரை பின்னால் போவது நல்லது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புறநகரில் சார் பதிவாளர் அலுவலகங்கள் பிரிந்துகொண்டே வந்திருக்கின்றன. இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடினால் வீடு வேறு அலுவலகத்தின் எல்லையில் இருந்த காலத்துப் பதிவுகள் தப்பிவிடலாம். பழைய சர்வே எண், உட்பிரிவுக்குப் பின் வந்த புதிய எண் இரண்டுக்கும் தேடுங்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதாலேயே வில்லங்கம் இல்லை என்று ஆகிவிடாது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள வழக்கு, அசல் பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துப் பதியாமல் வாங்கிய கடன் ஆகியவை அதில் வராமல் போகலாம். அதனால்தான் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்) முதல் எல்லாவற்றின் அசலையும் கண்ணால் பார்க்கவேண்டும் என்கிறேன். ‘அசல் லாக்கரில் இருக்கிறது, பதிவன்று தருகிறோம்’ என்றால் முன்பணமும் அன்றைக்கே என்று சொல்லுங்கள்.

கட்டியவர் காலமாகியிருந்தால் வாரிசுகளை எண்ணுங்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்த சம்பாத்தியத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் என எல்லோருக்கும் சம பங்கு உண்டு. விற்க வரும் அண்ணன் ‘தங்கைக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்துவிட்டோம்’ என்பார். அந்தத் தங்கை கையெழுத்துப் போடவேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவர் எழுதிப் பதிவான விடுதலைப் பத்திரம் இருக்கவேண்டும். மூன்றாவது வழி கிடையாது. தந்தை இறந்த பிறகு பாட்டியும் இறந்திருந்தால் பாட்டியின் பங்கு அத்தைமார்வரை போகும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் சார்பில் இன்னொருவர் பவர் பத்திரத்தோடு வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்யவில்லையா என்று அவரிடமே காணொளியில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடும். வெறும் பவர் பத்திரத்தை வைத்து வீடு கைமாறியிருந்தால் அது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பத்திரங்களின் தொடரில் இடையே அப்படி ஒரு கைமாற்றம் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவது நலம்.

அடுத்தது மனையின் பிறப்பு. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று கம்பீரமாகச் சொல்லப்படும் மனைப்பிரிவுகளில் பலவற்றுக்குச் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியோ நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதியோ கிடையாது. 20 அக்டோபர் 2016-க்கு முன் விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் திட்டம் வந்தது. வரன்முறை ஆணை இருந்தால் நகல் கேளுங்கள். இல்லையென்றால் வங்கிக் கடனும் புதுக் கட்டட அனுமதியும் சிக்கலாகும். பட்டா யார் பெயரில் இருக்கிறது, நிலத்தின் வகைப்பாடு என்ன, நீர்நிலைப் புறம்போக்கு ஒட்டியிருக்கிறதா, கோயில் நிலமா, வீட்டு வசதி வாரியம் எப்போதாவது கையகப்படுத்த அறிவிப்புக் கொடுத்ததா என்பவற்றையும் பார்க்கவேண்டும். 1978-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-இல் நீக்கப்பட்டுவிட்டாலும், அதன்கீழ் உபரி என்று எடுக்கப்பட்ட நிலங்களின் சிக்கல் புறநகரில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. உங்கள் வழக்கறிஞர் இந்தக் கேள்வியைத் தாமாக எழுப்பவில்லையென்றால் நீங்கள் எழுப்புங்கள்.

கடைசியாக ஐம்பதடி டேப்பை எடுத்துக்கொண்டு போய் நான்கு பக்கமும் அளந்து, பத்திரத்தின் செக்குபந்தியோடு (நான்கு எல்லை விவரம்) ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் அரையடி உள்ளே வந்திருப்பதும், இந்த வீட்டுக் கழிவறை பொதுச்சந்தில் நிற்பதும் அப்போதுதான் தெரியும். வித்தியாசம் இருந்தால் உரிமம் பெற்ற நில அளவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். சொத்து வரி ரசீதில் தரைத்தளம் மட்டும் இருந்து கண்முன்னே மாடியும் நின்றால், மாடிக்கு அனுமதி இருந்ததா என்று கேட்கவேண்டும்.

மொட்டை மாடியிலிருந்து கீழே

இப்போது வீடு. ஒரு டார்ச், ஒரு நாணயம், ஒரு ஸ்க்ரூடிரைவர், பென்சில் போதும். கூடத்தில் உட்காராமல் நேரே மொட்டை மாடிக்கு ஏறுங்கள்.

அந்தக் காலத்து வீடுகளில் கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சாய்வாகப் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓடுகளுக்கு இடையே பூச்சு உதிர்ந்திருக்கிறதா, நீர் தேங்கிக் கறுத்த இடம் இருக்கிறதா பாருங்கள். ஒழுகியபோதெல்லாம் பழையதை எடுக்காமல் மேலே மேலே பூசியிருந்தால் தளத்துக்குச் சுமை கூடியிருக்கும். புதிதாக வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். வெயிலுக்காக இருக்கலாம், விரிசலுக்காகவும் இருக்கலாம். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் சும்மா கடந்து போகாதீர்கள். வேர் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். பிற்காலத்தில் மாடி கட்டலாம் என்று தூண்களிலிருந்து நீட்டி விட்ட கம்பிகள் துருப்பிடித்து நிற்கும். ‘மாடிக்குக் கம்பி விட்டிருக்கிறோம்’ என்பதை விலை பேசும்போது ஒரு சிறப்பாகச் சொல்வார்கள். இருபது ஆண்டு மழையில் நனைந்த கம்பியை நம்பி எந்தப் பொறியாளரும் மாடி எழுப்பமாட்டார்.

கீழே இறங்கி ஒவ்வொரு அறையிலும் அண்ணாந்து பாருங்கள். பழைய வீட்டின் பெரிய நோய் இங்கேதான். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு பல ஆண்டுகளாக மெல்ல உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைகிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த துரு அடிப்பூச்சைப் பிளந்து தள்ளும். அந்தக் காலத்தில் பரவலாகப் போட்ட முறுக்குக் கம்பி இன்றைய டி.எம்.டி. கம்பியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்புக் கரிக்கும் கிணற்றுநீரில் கலவை போட்டிருந்தாலும், வீடு கடற்கரையை ஒட்டியிருந்தாலும் நோய் முந்திக்கொள்ளும்.

குளியலறைக் கூரை, சன்ஷேடின் அடிப்பக்கம், பால்கனி, பரண் ஆகியவற்றில்தான் இது முதலில் தெரியும். பழுப்பு நிறக் கோடு, உப்பிய பூச்சு, புதிதாகப் பூசிய திட்டுகளைத் தேடி, நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் பூச்சு தளத்தைவிட்டுப் பிரிந்துவிட்டது. சன்ஷேடோடு நின்றால் செலவு கட்டுக்குள் இருக்கும். கூடத்துத் தளத்திலேயே கம்பி இளைத்திருந்தால் குடியிருக்கும் திட்டத்தை மறந்துவிடுங்கள், இல்லையேல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துச் சோதித்துத் தொகை கேளுங்கள். பழைய வீட்டில் புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் ஊகிக்கக் கடினமில்லை.

விரிசல்களில் எல்லாமே பயப்படவேண்டியவை அல்ல. மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் கிடையாக ஓடும் கோடு, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. நீர் புகாமல் அடைத்தால் போதும். பழைய அறையும் பின்னால் சேர்த்த அறையும் கூடும் மூலையில் நெட்டுக்குத்தாக வருவதும் பெரும்பாலும் அப்படித்தான். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல் சாய்வாகக் கிளம்பி, செங்கல்லையும் பிளந்துகொண்டு போகும் விரிசல்தான் அடித்தளம் அமிழ்வதற்கான அறிகுறி. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கத்துக் களிமண்ணில் இதைக் கவனமாகத் தேடுங்கள். அந்த மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டு, பேச்சு நடக்கும் வாரங்களில் அது நீள்கிறதா என்று பாருங்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இந்தக் கவலை குறைவு; சில இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே சார்னோகைட் என்ற கடினமான பாறை. அடித்தளத்துக்கு நல்லது, ஆழ்துளைக் கிணற்றுக்கு அவ்வளவு நல்லதல்ல.

சுவரின் கீழ் மூன்றடியில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிந்திருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அறியலாம். இதை மறைக்கக் கூடத்துச் சுவரில்கூட மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். கறையானுக்குக் கதவு நிலைகளின் அடியையும் பரணின் மூலைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் மரம் போய்விட்டது. ரெட் ஆக்சைடு தரையும் பழைய தேக்குக் கதவும் நன்றாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். இன்று அப்படிச் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

கிணறு, கழிவுநீர், மின்சாரம்

இவற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம். மே மாதத்தில் கிணற்றிலும் போரிலும் நீர் இருக்குமா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். நீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் உப்பு, இரும்பு, கிருமி மூன்றுக்கும் சோதியுங்கள். ஒரே கிரவுண்டில் செப்டிக் டேங்கும் கிணறும் இருக்கும்போது கிருமிச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். ஊர் மாநகராட்சி ஆகிவிட்டதால் மட்டும் சாக்கடை வந்துவிடாது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானபோது பல்லாவரம், பம்மல் முதலான நகராட்சிகளும் சிட்லபாக்கம் போன்ற பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. ஆனால் வசதிகள் தெருவுக்குத் தெரு வேறுபடும்.

மின்சாரத்தில், மரப்பட்டியில் ஓடும் பழைய வயரும் பீங்கான் ஃபியூஸும் கண்ணில் பட்டால் முழு வயரிங்கையும் மாற்றுவதாகக் கணக்கு வையுங்கள். எர்த் இருக்கிறதா, மும்முனை இணைப்பா ஒருமுனையா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். இரும்புக் குழாய் என்றால் அதுவும் மாற்றவேண்டியதுதான். குழாயைத் திறந்ததும் முதலில் வரும் நீரின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

விலையும் பதிவும்

நிலத்துக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை என்று பிரித்து எழுதி, கட்டட விலையிலிருந்து பழுதுச் செலவைக் கழித்துப் பேசுங்கள். மொத்தமாக ஒரு தொகையைப் பேசுவது விற்பவருக்குத்தான் லாபம். பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் மேல்வரியும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் தனியாக வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையிலிருந்து 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்டவேண்டியவர் வாங்குபவர். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விகிதம் வேறு, கூடுதல். பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை தேடி வருவது உங்களை. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆடிட்டரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012-இல் வந்த திருத்தம். செலவை நினைத்துப் பலரும் வெள்ளைத்தாளில் முடித்துக்கொள்கிறார்கள், அது தவறு. ஒப்பந்தத்தில் வாடகைதாரரோ போக்கியத்துக்கு இருப்பவரோ எந்தத் தேதிக்குள் காலி செய்யவேண்டும், சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டணப் பாக்கி யாருடையது, அளவு குறைந்தால் விலை எப்படிக் குறையும், எந்தெந்த அசல்கள் கைமாறும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

பதிவுக்கு முதல் நாள் மறுபடி வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவன்று அசல்களைப் பட்டியலோடு சரிபார்த்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் மின்மீட்டர் அளவைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா மாறுதல், சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகிய நான்குக்கும் பெயர் மாற்ற விண்ணப்பத்தை அந்த மாதமே கொடுத்துவிடுங்கள்; ஐந்து ஆண்டு கழித்துப் போனால் விற்றவரின் கையெழுத்தைத் தேடிக்கொண்டு அலையவேண்டியிருக்கும்.